செருப்பை எவன் எடுத்தான்?

மாதனூர்
8.3.2025

கொழுந்தனார் பிரேம்நாத்துக்கு அண்ணி அன்னம்மாள் எழுதுவது.

பயப்படாதே, யாரும் சாகவில்லை. தபாலில் கடிதம் வந்தால் ஒன்று சாவு, இல்லாவிட்டால் கோர்ட்டு என்று நினைக்கிற ஆள் நீ. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். போஸ்ட் ஆபீசில் கவர் கேட்டதற்கு அந்த அம்மாவே என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாக்கா, போன் ரிப்பேரா?" என்றாள்.

ரிப்பேர் இல்லை. சாம்பல் புதன்கிழமை எங்கள் சர்ச் ஐயர் பிரசங்கத்தில், ஈஸ்டர் வரைக்கும் இந்த லெந்து நாற்பது நாளும் ரொம்பப் பிடித்த ஒன்றை விட்டுவிடுங்கள் என்றார். கறியை விடலாம் என்றால் உங்கள் அண்ணன் முகம் சுருங்குகிறது. உங்கள் அண்ணனையே விடலாம் என்றால் ஐயர் ஒத்துக்கொள்ளமாட்டார். கடைசியில் போனை விட்டேன். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் படுத்திருக்கிறது. ஈஸ்டருக்குத்தான் எழுப்புவேன். அதுவரைக்கும் உனக்கும் எனக்கும் தபால்காரர்தான்.

உங்கள் சத்துவாச்சாரி சபையில் லெந்து முழுக்க ஞாயிறுதோறும் ஒரு கவிதைத் தாள் போடப்போவதாகச் சொன்னாய். அதை வீட்டில் வைத்து வாரம் முழுக்க தியானம் பண்ணவேண்டும், உன் பொறுப்பு, அண்ணியும் ஒன்று எழுதித் தரவேண்டும் என்றாய். அஞ்சாம் கிளாஸோடு நின்றவளிடம் கவிதை கேட்கிற ஒரே ஆபீஸ் கண்காணிப்பாளர் இந்த ஜில்லாவில் நீதான். கல்யாண வீட்டில் நான் மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணிப் பாட்டுக் கட்டுவதைக் கேட்டு ஏமாந்துவிட்டாய் போலிருக்கிறது.

ஆனாலும் லெந்து வந்தால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வேன். மெஷினில் உட்கார்ந்து நாற்பது நாளும் அதையே மெல்லுவேன். போன வருஷக் கேள்வி உனக்கு நினைவிருக்கும். ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன பேதுருவுக்காகக் கூவியதே ஒரு சேவல், அதைப் பிறகு யாராவது குழம்பு வைத்தார்களா, வைத்திருந்தால் பேதுரு கை நனைத்திருப்பாரா என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கு அந்தக் கேள்வியில் ஒரு வாரம் அழுகை வந்துகொண்டிருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை.

இந்த வருஷக் கேள்வி, செருப்பு வார் தைத்துக்கொண்டிருக்கும்போது வந்தது. பாட்டாகவே வந்துவிட்டது. சிலுவையடியில் ஆண்டவர் துணியைச் சேவகர்கள் பங்கு போட்டதையும், அவர் செருப்பு வாரை அவிழ்க்கக்கூட லாயக்கில்லை என்று ஞானஸ்நானம் கொடுத்தவர் சொன்னதையும் விளக்கிவிட்டு, பக்கத்து மெஷின் அஃப்ஸர் ஜஹானுக்குச் சொல்லிக் காட்டினேன். அவளுக்கு இப்போது நோன்பு, எனக்கு லெந்து, இரண்டு பேருக்கும் மனசு மெத்தென்று இருக்கிற சமயம். கேட்டுவிட்டு, "இன்னொரு வாட்டி சொல்லுக்கா" என்றாள். பாட்டு இதுதான்.

நாலு பேரு நின்னு உன் துணியைப் பங்கு போட்டாங்க,
தையலே இல்லாத அங்கிக்குச் சீட்டுப் போட்டாங்க.
கழட்டிவிட்ட உன் செருப்பை எவன் எடுத்தான் சாமி?
காலு சுட நடந்தியே, எவன் கொடுத்தான் சாமி?

வாரை அவிழ்க்கவும் லாயக்கில்லேன்னு ஒருத்தர் சொன்னாரு.
வாரைத் தைக்கிறவ நான், எனக்கு என்ன சொல்றே சாமி?
தோல் வாசம் போகாத கை, அதைத்தான் நீட்டறேன்.
அளவு கொடு சாமி, காலை என் மடிமேல் வை.

போடுவதாக இருந்தால் இப்படியே போடு. கீழே "அன்னம்மாள் தானியேல், மாதனூர், ஷூ கம்பெனித் தையல்" என்று போடு. அச்சில் என் பெயரை நான் ஆதார் கார்டில்தான் பார்த்திருக்கிறேன். அதிலும் எழுத்துப் பிழை.

வெயில் இப்போதே ஏறுகிறது. பெரிய வெள்ளிக்கு எங்கள் தெரு வழக்கம்போல வெறுங்காலோடு கோவிலுக்கு நடக்கும்போது தார் ரோடு தோசைக்கல்லாக இருக்கும். வருஷம் முழுக்க ஊருக்குச் செருப்புச் செய்கிறவர்கள், அந்த ஒரு நாள் கால் சுடட்டும் என்று நம் பெரியவர்கள் வைத்த வழக்கம். நீ ஆறு வயசில் அழுது அடம்பிடித்து உங்கள் அண்ணன் முதுகில் ஏறிப் போனாய். நான் அப்போது பாவாடை கட்டின பிள்ளை. பின்னால் நடந்து வந்து சிரித்தது நான்தான்.

மகள் ஜாஸ்மினுக்கு முத்தம். உனக்கு ஒன்றுமில்லை.

அண்ணி


சத்துவாச்சாரி
18.3.2025

கர்த்தருக்குள் அன்பான அண்ணிக்கு பிரேம்நாத் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது.

தங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று முறை அண்ணன் போனில் அழைத்துத் தங்களைக் கேட்டேன். மூன்று முறையும் அவர், "அவ லெந்துல இருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார். ஏதோ வெளியூரில் இருப்பதைப் போல.

தங்கள் கவிதை சென்ற ஞாயிறு தாளில் வெளிவந்தது. பிரதி ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் சில சிறு திருத்தங்கள் செய்ய நேர்ந்தது. சபையில் எல்லாத் தரப்பினரும் வாசிப்பார்கள். பேச்சு வழக்கைச் சற்று உயர்த்தினேன். கருத்து மாறவில்லை.

இதுவரை வந்தவற்றில் ஆயருக்குத் தங்களுடையதே பிடித்திருக்கிறது. பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் எழுதினவரே வந்து வாசிக்கவேண்டும் என்கிறார். தாங்கள் வரவேண்டும்.

இன்னொரு செய்தி. ஜாஸ்மினுக்கு ஒரு வரன் கூடி வருகிறது. எங்கள் சபையின் பெண்கள் சங்கத் தலைவி மனோரமா அம்மா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, அவர்களுடைய மகன். பிள்ளைகள் இருவருக்கும் சம்மதம். பெரியவர்கள் பேசி முடிக்கவேண்டியதுதான் பாக்கி. அந்த அம்மாவும் தங்கள் கவிதையை வாசித்துவிட்டு, "உங்கள் குடும்பத்தில் கவிஞர் இருக்கிறாரே" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அண்ணனை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.

பிரேம்நாத்

(தாளில் இருந்தது:)

நால்வர் நின்று உம் ஆடை பகிர்ந்தனரே,
நெய்த நல் அங்கிக்குச் சீட்டும் இட்டனரே.
தூய உம் திருப்பாதம் எவர் எடுத்தார் தேவா?
தீச்சுட நடந்தீரே, எவர் கொடுத்தார் தேவா?

வாரினை அவிழ்க்கவும் தகுதியற்றேன்,
பாவி நான், புழுதி நான், என்ன உரைப்பேன் தேவா?
கறை நீங்காக் கரமிதனை நீட்டுகின்றேன்,
கழுவிடுவீர் தேவா, உம் பாதம் சரணம்.

சகோதரி அன்னம்மாள், வேலூர்


மாதனூர்
22.3.2025

கண்காணிப்பாளர் பிரேம்நாத் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய தாள் கிடைத்தது. தாங்கள் என்று எழுதியதை மரியாதை என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்குக் கோபம் வந்தால் மரியாதை தானாக வரும்.

சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேண்டீனில் கவரைப் பிரித்தேன். நோன்பிருக்கிற அஃப்ஸர் ஜஹான் சும்மா துணைக்கு உட்கார்ந்திருந்தாள். "படிக்கா, உம் பாட்டு அச்சுல வந்துக்குது" என்றாள். படித்தேன். மூன்றாவது வரியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா! காலையா வெட்டி எடுத்துட்டாங்க? இந்த பேஜாரான சங்கதி எனக்குத் தெரியாதே!"

துணியை எடுப்பார்கள். செருப்பை எடுப்பார்கள். திருப்பாதத்தை எவர் எடுத்தார் என்று கேட்டு வைத்திருக்கிறாயே, அதை எடுத்து எவன் எங்கே மாட்டிக்கொள்வான்? இத்தனை பேர் சபையில் இருக்கிறீர்கள், வாரம் முழுக்க வீட்டில் வைத்து தியானம் பண்ணினீர்கள், ஒருத்தருக்குக்கூட இந்தச் சந்தேகம் வரவில்லையா? நோன்பு வயிற்றோடு இருந்தவளுக்கு ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டதே.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பின்னால் வந்த வரி விடவில்லை.

பாவி நான், புழுதி நான். யார் சொன்னது? நான் சொன்னேனா? என் பாவங்கள் எனக்குத் தெரியும். சூப்பர்வைசர் குடை காணாமல் போகவேண்டும் என்று ஜெபம் பண்ணியிருக்கிறேன். உன் பெண்டாட்டி கொண்டுவந்த கேக் வேகவில்லை என்று தெரு முழுக்கச் சொன்னேன். அதெல்லாம் நான் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன், நீ எனக்காக முட்டி போட வேண்டாம். இந்தப் பாட்டில் நான் பாவி இல்லை. இந்தப் பாட்டில் நான் தைக்கிறவள். தைக்கிறவள் என்றுதான் அவர் முன்னால் போய் நின்றேன். நீ என்னை அங்கிருந்து தள்ளிவிட்டு ஒரு புழுதியைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாய்.

அப்புறம் கறை. தோல் வாசம் என்றால் கறையா? சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் ஐம்பது பேர் கையிலும் அந்த வாசம்தான். அதுதான் அரிசி, அதுதான் பள்ளிக்கூடம். உன் கையில் இப்போது அது இல்லை. சந்தோஷம். உனக்குப் போய்விட்டது என்பதற்காக எங்கள் கையைக் கழுவிவிடச் சொல்லி ஆண்டவருக்கு மனு போடுவாயா?

கடைசி வரிதான் எனக்கு ஆறவே இல்லை. அவர் காலை என் மடியில் வைக்கச் சொன்னேன். ஒரு அளவு எடுக்கவேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். நீ என்னைத் தூக்கி அவர் காலடியில் போட்டுவிட்டாய்.

நான் எப்போது வேலூருக்குக் குடி போனேன்? முன்னாலேயே சொல்லியிருந்தால் பாத்திரம் பண்டத்தையாவது கட்டி வைத்திருப்பேனே.

பெரிய வெள்ளிக்கு வரச் சொல்லுகிறாய். வருகிறேன். என் பாட்டை என் வாயால், செருப்பு என்கிற சொல்லோடு வாசிப்பேன். பேரு, ஊரு, வேலை மூன்றும் சொல்லுவேன். சம்மதம் என்றால் எழுது.

ஜாஸ்மின் விஷயம் கேட்டு உங்கள் அண்ணன் தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். கோபத்திலும் இதை எழுதுகிறேன் பார், நான் நல்லவள்.

அன்னம்மாள் தானியேல், மாதனூர், ஷூ கம்பெனித் தையல்


சத்துவாச்சாரி
29.3.2025

அண்ணிக்கு,

ஸ்தோத்திரம் எழுத மனம் வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஸ்தோத்திரம்.

தங்கள் கடிதத்தை ஆபீசில் பிரித்துவிட்டேன். நல்ல வேளை யாரும் பக்கத்தில் இல்லை. மூன்றாவது வரி கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன். மற்றவற்றுக்குத் தாங்கள் இவ்வளவு சூடாக எழுதியிருக்க வேண்டாம்.

தாங்கள் மாதனூரில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சிரித்துவிடலாம். அங்கே எல்லாரும் ஒன்று. இங்கே அப்படி இல்லை. நான் விடுதியில் சேர்ந்தபோது அண்ணன் தன் கையால் தோல் பை ஒன்று தைத்துக் கொடுத்தாரே, நினைவிருக்கும். நாறுகிறது என்று அதை அறைக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். அது நாறவில்லை, அண்ணி. புதுப்பை. வருடம் முழுக்க வராந்தாவில் கிடந்தது. புத்தகம் வேண்டுமென்றால் வெளியே போய் எடுத்துக்கொண்டு வருவேன். இதை நான் உங்கள் யாரிடமும் சொன்னதில்லை. என் மகள் எந்த வீட்டிலும் வராந்தாவில் நிற்கக்கூடாது என்றுதான் இவ்வளவும். இது தவறு என்றால் தவறாகவே இருக்கட்டும்.

மனோரமா அம்மாவிடம் நான் அண்ணனைப் பற்றிச் சொல்லியிருப்பது, ஆம்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் நிர்வாகத்தில் இருக்கிறார் என்று. முழுப் பொய் அல்ல. அந்தத் தோல் ஏற்றுமதிதானே ஆகிறது.

ஆகவே கேட்டுக்கொள்வது இது. அச்சில் உள்ளபடியே வாசிக்கவும். மூன்றாவது வரியை மட்டும் சரி செய்து தருகிறேன். ஊரும் வேலையும் சொல்ல வேண்டாம். அன்று தயவுசெய்து ஆலய வாசல்வரை செருப்பு அணிந்து வரவும். வெறுங்காலோடு வந்தால் ஏன் என்று கேட்பார்கள், வழக்கத்தைச் சொல்ல வேண்டிவரும். அண்ணன் வராவிட்டாலும் பரவாயில்லை. மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தால் அவருக்கு முதுகு வலிக்கும்.

தாங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

பிரேம்நாத்


மாதனூர்
3.4.2025

பிரேம்நாத்துக்கு,

உன் கடிதத்தை உங்கள் அண்ணன்தான் வாங்கினார். கண்ணாடி இல்லாததால், "படி, தம்பி இன்னா எழுதியிருக்கான்?" என்றார். நான் முதலில் ஒரு தடவை மனசுக்குள் படித்துவிட்டுப் பிறகு வாய்விட்டுப் படித்திருக்கவேண்டும். படிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு முன்னால் என்ன வருகிறது என்று எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

பையைப் பற்றி எழுதியிருந்ததைக் கேட்டதும் அவர், "சொல்லவே இல்லியே" என்றார். நிர்வாகம் வந்ததும் சிரித்தார். "டிரம்முல தோலைப் போட்டு சுத்த விடறேன். அதுவும் நிர்வாகம்தான்" என்றார். அதற்கப்புறம் முதுகு வலிக்கும் என்ற வரி வந்தது. அவர் வலது கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு இடது கையை. பிறகு எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுபடியும் மோந்து பார்த்தார்.

முப்பது வருஷமாக அந்த மனுஷன் தோல் பதனிடுகிற டேனரிக்குப் போகிறார். தன் கையை மோந்து பார்த்து நான் பார்த்ததில்லை, பிரேம்நாத்.

முதுகு வலிக்கும் என்று எழுதினாயே. எந்த முதுகு? நீ ஏறிப் போனாயே, அந்த முதுகா? அன்றைக்கு ரோட்டில் சுட்டது அவர் காலுக்குத்தான். உன் கால் ஆகாசத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

உன்னை வராந்தாவில் நிறுத்தியவர்கள்மேல் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அவர்கள் பேரைச் சொல், இந்த வயசிலும் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். ஆனால் நீ இப்போது பண்ணியிருப்பது என்ன? உன் பையை அவர்கள் வெளியே வைத்தார்கள். உங்கள் அண்ணனை நீ வெளியே வைக்கிறாய். செருப்புப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி எனக்கு உத்தரவு. ஊருக்கெல்லாம் செருப்புத் தைக்கிறவளை, செருப்புப் போட்டால்தான் உள்ளே விடுவேன் என்கிறாய்.

நான் வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் வந்திருப்பேன், வந்து உன்னை ஒரு வழி பண்ணியிருப்பேன். நான் பாட்டுக் கட்டுவது அவரோடு பேசுவதற்கு. நாலு பேருக்கு நடுவில் அவரிடம் பொய் பேசிவிட்டு வர நாற்பது நாளும் போனை ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டாம். தாளில் இருக்கிறது உன் பாட்டு. என் பேரை எடுத்துவிட்டு உன் பேரைப் போட்டுக்கொள். என் பாட்டை நான் இங்கே, எங்கள் கோவிலில், எங்கள் சனங்களோடு பாடிக்கொள்கிறேன்.

ஜாஸ்மின் கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கிண்டல் பண்ணிப் பாட நாலு பாட்டுக் கட்டி வைத்திருந்தேன். அதற்கும் திருத்தம் உண்டா, இல்லை அங்கேயும் வேலூர் சகோதரிதான் வருவாளா?

ரம்ஜானுக்கு அஃப்ஸர் ஜஹான் பிரியாணி கொடுத்தனுப்பினாள். உங்கள் அண்ணன் கையால் சாப்பிடாமல் ஸ்பூன் கேட்டார். இதையும் நீ தெரிந்துகொள்.

அன்னம்மாள்


சத்துவாச்சாரி
11.4.2025

அண்ணி,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

தங்கள் முதல் கடிதத்தை என் மேசையில் ஜாஸ்மின் பார்த்துவிட்டாள். தாளையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எதுப்பா பெரியம்மா எழுதினது?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப இது யாரு எழுதினது?" என்றாள். ஒரு வாரமாகச் சாப்பாடு வைக்கிறாள், பேசுவதில்லை. பிள்ளைவீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கே கவலை இல்லையாம். எனக்கு இருக்கிறது. தகப்பன் என்றால் இருக்கத்தான் செய்யும்.

இப்போதும் நான் செய்தது தவறு என்று எழுதமாட்டேன். அண்ணனைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரியை எழுதியிருக்கவேண்டாம். அவ்வளவுதான்.

தாங்கள் வரமாட்டீர்கள் என்று ஆயரிடம் சொன்னேன். அப்படியானால் நீயே வாசி என்கிறார். எதை வாசிப்பது என்று அவர் கேட்கவில்லை, அவருக்கு ஒன்றுதான் தெரியும்.

தாங்கள் வந்தால் நன்றாக இருக்கும். எப்படி வந்தாலும்.

பிரேம்நாத்


மாதனூர்
14.4.2025

பிரேம்நாத்,

எங்கள் கோவிலிலும் அன்றைக்குப் பெரிய வெள்ளிதான். உங்கள் அண்ணனை விட்டுவிட்டு நான் எங்கேயும் வருவதற்கில்லை.

நீ எதை வாசித்தாலும் மேலே இருக்கிறவருக்கு அசல் எது என்று தெரியும். அவரிடம் நான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அன்னம்மாள்


சத்துவாச்சாரி
18.4.2025
பெரிய வெள்ளி, மாலை

அண்ணிக்கு,

நாளை காலை ஜாஸ்மின் மாதனூர் வருகிறாள். ஈஸ்டரை உங்களோடு கொண்டாடப் போகிறாளாம். என்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று வாசித்தேன்.

அச்சுத் தாளைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். மனோரமா அம்மா இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். முதல் இரண்டு வரியைத் தாளில் உள்ளபடி வாசித்தேன். மூன்றாவது வரியில் தங்கள் அஃப்ஸர் ஜஹான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. வாய் நின்றுவிட்டது. பெரிய வெள்ளியில் எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணி. அடக்கினேன். தாளை மடித்தேன். பிறகு தங்கள் பாட்டை முதலிலிருந்து சொன்னேன். பார்க்காமல் சொன்னேன். எப்போது மனப்பாடம் ஆனது என்று எனக்கே தெரியவில்லை. திருத்துவதற்காகத் திரும்பத் திரும்ப வாசித்ததில் ஆகியிருக்கவேண்டும்.

முடிவில், "என் அண்ணி அன்னம்மாள், மாதனூர், ஷூ கம்பெனியில் தையல். என் அண்ணன் தானியேல், டேனரியில் டிரம் வேலை" என்றேன். அண்ணன் பெயரைத் தாங்கள் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன்.

பெரிய வெள்ளியில் யாரும் எதுவும் சொல்வதில்லை. மனோரமா அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. திங்கட்கிழமை பேச வருவதாக இருந்தார்கள். இனி வருவார்களா தெரியாது.

இது போதாதென்று, வெளியே வந்தால் வாசலில் விட்ட என் ஷூவைக் காணவில்லை! சபை கலையும்வரை தேடினேன். போன கிறிஸ்துமஸுக்கு வாங்கினது. பெரிய வெள்ளி அன்று, ஆண்டவருடைய ஆலய வாசலில், ஒரு மனிதனுடைய ஷூவை எடுத்துக்கொண்டு போகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்! ஜாஸ்மினும் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஆட்டோவில் போய்விட்டாள். மூன்றேகால் மணி வெயிலில் சர்வீஸ் ரோடு முழுக்க வெறுங்காலோடு நடந்து வந்தேன். இரண்டு பாதமும் கொப்புளம். வழியில் ஒருவர்கூட வண்டியை நிறுத்தவில்லை. இதை எழுதும்போது கால் தண்ணீர் வாளியில் இருக்கிறது.

அண்ணன் இன்று எப்படி நடந்தார்?

பிரேம்நாத்


மாதனூர்
19.4.2025

கொழுந்தனாருக்கு,

ஜாஸ்மின் காலையில் வந்தாள். உன் கடிதத்தை ஒரு கையால் கொடுத்தாள். இன்னொரு கையால் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். பையில் உன் ஷூ இருந்தது.

கத்தாதே. "செருப்பை எவன் எடுத்தான்னு கேட்டீங்களே பெரியம்மா, நான்தான்" என்றாள் உன் மகள். நீ முதல் இரண்டு வரியைத் தாளைப் பார்த்து வாசித்தாயாம். "இவரு மாறமாட்டாரு" என்று அப்போதே எழுந்து வெளியே வந்து எடுத்துவிட்டாளாம். நீ மூன்றாவது வரிக்கு வருவதற்குள் ஷூ பைக்குள் போய்விட்டது. படியில் நின்றுதான் மீதியைக் கேட்டிருக்கிறாள். உங்கள் அண்ணன் பெயரைச் சொன்னபோது அழுதாளாம். அழுதுகொண்டே யோசித்து, இருந்தாலும் நடக்கட்டும் என்று ஆட்டோ ஏறிவிட்டாள். இந்தப் பிள்ளைக்கு மாமியார் வீட்டைப் பற்றி நீ கவலைப்படாதே. மாமியார்தான் கவலைப்படவேண்டும்.

அந்த மனோரமா அம்மாவைப் பற்றியும் அவள் சொன்னாள். வாசலில் இவளை நிறுத்தி, "மடிமேல் வை, அதுதானே கடைசி வரி?" என்று கேட்டார்களாம். ஆமாம் என்றாளாம். அவ்வளவுதான், போய்விட்டார்கள். திங்கட்கிழமை வந்தால் காப்பி கொடு. வராவிட்டால் அது அவர்கள் கால், அவர்கள் நடை.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. நாளைக்குக் கல்லறையே திறந்தாலும் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். நிர்வாகத்தை மறக்கமாட்டேன், ஸ்பூனை மறக்கமாட்டேன். பேரப்பிள்ளைகள் வந்தபிறகும் சொல்லிக் காட்டுவேன், தயாராக இரு.

உன் கடிதத்தை உங்கள் அண்ணனுக்குப் படித்தேன். இந்தத் தடவை மனசுக்குள் முதலில் படித்துக்கொண்டேன், ஜாக்கிரதையாகிவிட்டேன். கடைசி வரிக்கு, "நான் நல்லாத்தான் நடந்தேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்குப் பழக்கமில்ல, பாவம்" என்றார். பிறகு உன் ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மறுபடியும் கையா என்று பார்த்தேன். ஆனால் மோந்தது ஷூவைத்தான். "தோலே இல்ல, ரெக்சின். எவனோ நல்லா ஏமாத்திக்கிறான்" என்று முகத்தைச் சுளித்தார். டேனரிக்குப் போவதற்கு முன்னால் அவர் செருப்புக் கடையில் உட்கார்ந்தவர் என்பது உனக்குத் தெரியும். அலமாரிமேல் இருந்த பழைய ஊசியை எல்லாம் இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறார். கைக்குச் சோப்புகூடப் போடவில்லை. உனக்கு நல்ல தோலில் ஒரு ஜோடி செய்யப்போகிறாராம்.

ஷூவை வைத்து அளவு எடுத்துக்கொள்ளுங்களேன் என்றேன்.

"ரெக்சினை வெச்சு இன்னா அளவு? காலு வேணும். வரச் சொல்லு அவனை" என்றார்.

அஃப்ஸர் ஜஹானின் வீட்டுக்காரர் வாஹித் பாஷா சாயங்காலம் வேலூருக்கு லோடு ஏற்றிப் போகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்குக் காலை முதல் பஸ்ஸைப் பிடி. கொப்புளத்தோடு வீரம் காட்டாமல், வீட்டில் கிடக்கிற ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வா. தெருமுனையில் கழட்டிவிடு. யாரும் எடுக்கமாட்டார்கள், எடுக்கிறவள் இங்கே பூரி தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே வந்து உங்கள் அண்ணன் எதிரில் உட்கார். ஒன்றும் பேச வேண்டாம். காலை அவர் மடிமேல் வை.

அண்ணி